கேமராவுக்குப் பக்கத்தில் நீ ஒட்டிய பொட்டு

இன்று காலை லேப்டாப்பைத் திறந்தபோது நீ ஒட்டிய பொட்டு அதே இடத்தில் இருந்தது. திரைக்கு மேலே, கேமராக் கண்ணுக்குப் பக்கத்தில், ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அரக்கு நிறம் வெளுத்துப்போய். பொட்டு இருந்தது, கேமராதான் வேலை செய்யவில்லை. என் முகம் தெரிய வேண்டிய கட்டத்தில் ஒரே கறுப்பு. நடுவில், குறுக்கே கோடு போட்ட ஒரு கேமராப் படம்.

அந்தப் பொட்டை நீ எனக்காகத்தான் ஒட்டினாய். கிளாஸ் எடுக்கும்போது கேமராவைப் பார்க்காமல், திரையில் தெரிகிற என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். தலை கலைந்திருக்கிறதா, சேலை மடிப்பு நேராக இருக்கிறதா என்று ஆயிரம் கவலை எனக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உனக்குப் பொறுக்கவில்லை. "ஏ புள்ள, உம் மூஞ்சிய நீயே எத்தன நாளைக்குப் பாப்ப? புள்ளைங்களப் பாரு" என்று சொல்லி, உன் நெற்றியில் இருந்த பொட்டை எடுத்து அங்கே ஒட்டிவிட்டாய். "இதப் பாத்துப் பேசு, அவங்களுக்கு நீ கண்ணப் பாத்துப் பேசற மாதிரி இருக்கும்." பொட்டு எங்கே என்று உன் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "டீச்சரம்மாவுக்குத் தானம் பண்ணீட்டனுங்க" என்று நீ சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ராசிபுரத்தில் ஒரே தெரு, ஒரே தனியார் பள்ளி நமக்கு. நீ எல்.கே.ஜி. மிஸ். நான் பெரிய வகுப்புகளுக்குத் தமிழ். கொரோனாவில் பள்ளிக்கூடம் நம் இருவரையும் வீட்டுக்கு அனுப்பியது. சும்மா உட்கார்ந்து ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான், கனடாவில் இருக்கும் உன் தூரத்து உறவுக்காரி, தன் பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தர முடியுமா என்று கேட்டாள். அவள் அவளுடைய சிநேகிதிகளிடம் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் உண்டானது. நமக்குக் காலை நேரம், அவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம். சின்னப் பிள்ளைகள் உனக்கு, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எனக்கு. இரண்டு கிளாஸும் உன் வீட்டில், இந்த லேப்டாப்பில்தான்.

நாம் சண்டை போடாத ஞாயிற்றுக்கிழமை உண்டா? ஜேடர்பாளையத்தில் பிறந்து வளர்ந்த உன் வாயில் 'வீடு' வராது, 'ஊடு'தான் வரும். பிள்ளைகள் அத்தனை பேரும் உனக்குச் 'சாமி'. போகும்போது 'வாரேன் சாமி'. புத்தகத் தமிழைச் சொல்லிக்கொடு, பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். "எழுதையில வீடுன்னு எழுதட்டும். ஊட்டுல பேசையில ஊடுன்னு பேசட்டும். ரெண்டும் தெரிஞ்சா என்ன கொறஞ்சா போயிரும்?" என்பாய். நான் மட்டும் விட்டுக்கொடுத்ததே இல்லை.

யாழினி விஷயத்திலும் அப்படித்தான். அந்தக் குட்டிப்பெண் சேர்ந்த நாளிலிருந்து கேமராவைப் போட்டதே இல்லை. அவள் பெயர் போட்ட கறுப்புக் கட்டம் ஒன்று வந்து உட்காரும், அவ்வளவுதான். கேமரா போடாதவர்களைச் சேர்க்க வேண்டாம் என்றேன் நான். நீ கேட்கவில்லை. அந்தக் கறுப்புக் கட்டத்தோடு முகம் பார்த்துப் பேசுவதுபோலவே பேசினாய். "இன்னைக்கு ரெட்டச் சடையா, ஒத்தச் சடையா சாமி?" என்று கேட்பாய். கொஞ்ச நேரம் கழித்து, பூனைக்குட்டி பேசுகிற மாதிரி "ரெட்டை" என்று ஒரு சத்தம் வரும். அதற்கே நீ கைதட்டுவாய். கிளாஸ் முடியும்போது தவறாமல் ஒன்று சொல்வாய்: "உனக்கு எப்பத் தோணுதோ அப்பக் காட்டு சாமி. நான் எங்கயும் போவல, இங்கயேதான் இருக்கேன்."

போன மார்கழியில் போய்விட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "தை பொறந்ததும் வந்து கிளாஸ் எடுக்கறேன், அதுவரைக்கும் எம் புள்ளைங்கள மெரட்டாத" என்றாய். தை பிறந்தது. உன் மகள் இந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து, "அம்மா கிளாஸயும் நீங்களே பாத்துக்கங்க பெரிம்மா" என்று என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

மற்ற பிள்ளைகள் என்னோடு சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள். யாழினி மட்டும் முழுக்க அடங்கிப்போனாள். நீ இனி வர மாட்டாய் என்று அவள் அம்மா பக்குவமாகச் சொல்லியிருந்தாளாம். கறுப்புக் கட்டம் தவறாமல் வந்தது. சடையைப் பற்றி நான் கேட்டாலும் சத்தம் இல்லை. கிளாஸ் முடியும்போது நீ சொல்கிற அந்த வார்த்தையைச் சொல்லலாமா என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். சொன்னவளே போய்விட்ட பிறகு எந்த முகத்தோடு அதை நான் சொல்வது? வணக்கம் சொல்லி முடித்துவிடுவேன்.

இந்த வாரம் நடுவில் அவள் அம்மாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. "மிஸ், ஞாயித்துக்கெழம கேமரா போடறேன்னு அவளே சொல்றாளுங்க. முன்னாடிப் பல்லு ஆடி விழுந்திருச்சு. மிஸ்ஸுக்குக் காட்டணுமாம். நீங்களும் கேமரா போட்டிருந்தாத்தான் காட்டுவாளாம்." அதை எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. சமையல்கட்டில் கேட்டேன், மாடியில் துணி காயப்போடும்போது கேட்டேன். உன் வீட்டைத் தாண்டிப் போகும்போது உன்னைக் கூப்பிடப் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் வினை. அப்டேட் இருக்கிறது, இப்போதே போடவா என்று இந்த லேப்டாப் நாலைந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நீயாக இருந்தால் 'பிறகு' என்று தள்ளிவிட்டுப் போயிருப்பாய். எனக்கோ, யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் தரையைக் கழுவிவிடாமல் இருக்க முடியாது. முக்கியமான கிளாஸ், எல்லாம் புதுசாக இருக்கட்டும் என்று நேற்றுச் சாயங்காலம் சரி என்று அழுத்திவிட்டேன். அது சுற்றியது, அணைந்தது, எழுந்தது. காலையில் பார்த்தால் இந்தக் கறுப்புக் கட்டம்.

கேமராவின் மேல் தள்ளித் திறக்கிற மூடி இருக்கிறதல்லவா, அது திறந்துதான் இருந்தது. மேல்வரிசையில் கேமராப் படம் போட்ட பட்டனை அழுத்திப் பார்த்தேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். செட்டிங்ஸுக்குள் போய், கேமராவைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று பார்த்தால், எல்லா இடத்திலும் உண்டு. வேறு ஏதாவது அதைப் பிடித்துவைத்திருக்குமோ என்று திறந்திருந்ததையெல்லாம் மூடினேன். கேமராவுக்குப் பக்கத்தில் எரிய வேண்டிய சின்ன விளக்கு எரியவே இல்லை. போனில் சேரலாம் என்றால், அது கீழே விழுந்ததில் முன்பக்கக் கேமரா மங்கிப்போய் மாதக்கணக்காகிறது. 'சனியனே' என்று லேப்டாப்பைத் திட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், ஓர் அடியும் வைத்தேன்.

அடித்த கையோடு உன் ஞாபகம். மனிதர்களை வாடி போடி என்பாய், மிஷினைத்தான் வாங்க போங்க என்பாய். மிக்ஸியானாலும் தண்ணீர் மோட்டாரானாலும், நின்றுவிட்டால் சம்பந்தி வீட்டாரிடம் பேசுவதுபோல் பக்கத்தில் உட்கார்ந்து விசாரிப்பாய். என்னைத் தவிர வீட்டில் யாரும் இல்லை. பொட்டைப் பார்த்து நானும் கேட்டேன்: "ஏனுங்க, என்னாச்சுங்க? நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்தீங்க? நேத்து உங்கள யாரு என்ன பண்ணுனாங்க?"

என்ன பண்ணினார்கள் என்று எனக்குத்தான் தெரியுமே. அப்டேட் போட்டது நான். அப்படியானால் அப்டேட் எதை மாற்றியதோ அதைத்தான் பார்க்க வேண்டும். முன்பு ஒருமுறை இதேபோல் அப்டேட் முடிந்ததும் சத்தம் வராமல் போனது ஞாபகம் வந்தது. சத்தத்தை ஓட்டுகிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயராம்; புது டிரைவர் ஒத்துவரவில்லை, பழைய டிரைவருக்கே திரும்புங்கள் என்று உன் மகள் போனில் வழி சொன்னாள். உன் வீட்டுக்காரர் லாரி டிரைவர் அல்லவா, லோடு இறக்கிவிட்டு வந்து படுத்திருந்தவர் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்: "வண்டி பழகாத ஆளுகிட்டச் சாவியக் குடுத்தா நிக்கத்தான் செய்யும்." நாம் இருவரும் சிரித்த சிரிப்பில் உன் மகள் போனை வைத்துவிட்டாள்.

அதே வழியில் போனேன். டிவைஸ் மேனேஜர் என்ற இடத்தில் கேமராவின் பெயருக்கு முன்னால் மஞ்சள் முக்கோணம். கண்டுபிடித்துவிட்டேன்! கேமராவை ஓட்டுகிற அந்தச் சின்ன மென்பொருளைத்தான் அப்டேட் மாற்றிவைத்திருந்தது. பழைய டிரைவருக்குத் திரும்பு என்று அழுத்தினேன். திரும்பியது. ஆனால் லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் பலிக்கும் என்றது. கிளாஸ் நேரமோ வந்துவிட்டது. இப்போது அணைத்து, அப்டேட் மிச்சம் மீதி என்று மறுபடி சுற்ற ஆரம்பித்தால்? அந்தப் பக்கம் ஒரு குழந்தை, விழுந்த பல்லைக் காட்டக் காத்திருக்கிறாள். முகம் இல்லாவிட்டாலும் குரலாவது போகட்டும் என்று அப்படியே உள்ளே நுழைந்தேன்.

பிள்ளைகள் வந்துவிட்டிருந்தார்கள். "மிஸ்ஸோட கேமரா வேலை செய்யல கண்ணுங்களா. இன்னைக்கு என் குரல் மட்டும்தான்" என்றேன். "கரன்ட் இல்லையா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். யாழினியின் கட்டம் கறுப்பாகவே இருந்தது. அதற்குப் பக்கத்தில் என்னுடைய கட்டமும் கறுப்பு. போயிற்று, இனி எங்கே காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. முகம் தெரியாததில் அது ஒன்றுதான் வசதி.

அப்போது அவளுடைய மைக் திறந்தது. நீ இழுக்கிற அதே இழுப்பு.

"உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பக் காட்டுங்க சாமி. நான் எங்கயும் போவல, இங்கயேதான் இருக்கேன்."

கட்டம் வெளிச்சமானது. ரெட்டைச் சடை. கன்னம் நிறைய சிரிப்பு. கேமராவுக்குள்ளேயே வந்துவிடுவதுபோல் வாயைக் கொண்டுவந்து, "பல்லு உழுந்திருச்சு மிஸ்!" என்று காட்டினாள்.

'விழுந்துவிட்டது' என்று நான் திருத்தவில்லை. நம்பு. வாயைத் திறந்தபோது, "சாமி, எவ்வளவு அழகா இருக்கு" என்றுதான் வந்தது. அதன்பிறகு பாடம் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் தங்கள் பல்லைக் காட்டினார்கள். ஆடுகிற பல், முளைக்கிற பல், கம்பி போட்ட பல். நான் கறுப்புக் கட்டத்துக்குள் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளாஸ் முடிந்ததும் லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். சின்ன விளக்கு எரிந்தது. கண் வீங்கி, தலை கலைந்து, இளித்துக்கொண்டு என் முகம் வந்து நின்றது. கேமரா சரியாகிவிட்டது, அடுத்த வாரம் மிஸ் முகத்தைப் பார்க்கலாம் என்று யாழினியின் அம்மாவுக்கு உடனே செய்தி அனுப்பினேன். தூக்கிக்கொண்டிருந்த பொட்டின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டேன். இன்னும் பசை இருக்கிறது.

ஒன்றை மட்டும் உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்றைக்குக் கிளாஸ் முடியும்போது 'வணக்கம்' வரவில்லை. 'வாரேன் சாமி' என்று வந்துவிட்டது. பிள்ளைகள் கையை ஆட்டி, "வாங்க சாமி" என்றார்கள். நீ ஜெயித்துவிட்டாய், போ. ஆனால் உன்னிடம் மட்டும் இப்போதைக்கு வாரேன் என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிளாஸ் இருக்கிறது. யாழினிக்கு அடுத்த பல் ஆடுகிறதாம்.