வார்டில் ஒன்றும் ஆகாத நாட்கள்

என் பிரியமுள்ள ஸ்டெல்லாவுக்கு,

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரி வரைக்கும் நீ பதறிக்கொண்டேதான் படிப்பாய். நம் ஜெனி நன்றாக இருக்கிறாள். அடுப்படியில் நின்றுகொண்டு, ரசத்துக்கு உப்பு போட்டேனா இல்லையா என்று என்னை அதட்டுகிறாள். குரல் கொஞ்சம் கரகரக்கிறது, அவ்வளவுதான்.

அவளுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. நீ இருந்திருந்தால் அவளுக்குத் தலை வாரும்போதே கண்டுபிடித்திருப்பாய். எங்கள் கண்ணுக்கு அது தெரியவே நாளாயிற்று. கெட்ட கட்டி இல்லை, ஆனால் பெரிதாகிவிட்டது, எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டர். வாணியம்பாடிப் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்துகிறவள் அல்லவா? உயிரைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. "குரல் போய்டுமாப்பா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேலூரில்தான் ஆபரேஷன். நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரி இல்லை, வேறொன்று. காலையில் உள்ளே கொண்டுபோனார்கள், மதியம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். மாப்பிள்ளைக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே டூட்டி, சாயங்காலம்தான் வர முடியும். கட்டிலோரம் ஸ்டூல் போட்டுக்கொண்டு நான் மட்டும்.

அந்த வார்டில் சுகந்தி என்றொரு சிஸ்டர். ஜெனி வயதுதான் இருக்கும். அந்தப் பெண் வந்துகொண்டே இருந்தாள். பின்கழுத்துக்கு அடியில் கை விட்டு, ரத்தம் கசிந்திருக்கிறதா என்று துழாவிப் பார்ப்பாள். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, விழுங்குகிறாளா என்று தொண்டையையே கவனிப்பாள். அப்புறம், "ஜெனி, உங்க பேரைச் சொல்லுங்க."

"இப்பதானே சிஸ்டர் சொன்னேன்."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

மறுபடியும் அவள் வந்து எழுப்பியபோது எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா இது? பொண்ணு இப்பதான் கண் அசந்தா. கட்டு சுத்தமாத்தானே இருக்குது? கொஞ்சம் தூங்க வுடேன்."

அவள் கோபப்படவில்லை. "வெளிய ரத்தம் வந்தா உங்களுக்கே தெரியும்ப்பா. உள்ளாற தேங்குனா தெரியாது. குரல்லதான் மொதல்ல தெரியும். அதான் பேசச் சொல்றேன்."

அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது. நீ டூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றியதும் கால் நீட்டி உட்காருவாய். "வார்டுல இன்னா விசேஷம்?" என்பேன். "ஒண்ணும் ஆகல" என்பாய். ஷூ கம்பெனியில் ஒரு மெஷின் நின்றுபோனால்கூட எனக்கு வீட்டில் வந்து சொல்லக் கதை இருக்கும். ஒன்றும் ஆகாத நாளில் இவளுக்கு எங்கிருந்து இத்தனை அலுப்பு என்று நினைத்துக்கொள்வேன். ஒன்றும் ஆகாமல் இருப்பதற்கு எத்தனை தடவை எழுந்து நடக்க வேண்டும் என்பதை அன்றைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

பார்வையாளர் நேரம் வந்தது. வார்டு முழுக்க ஜனம், டிபன் கேரியர் சத்தம். ஜெனி கண் விழித்தாள். "தலகாணி சரியில்லப்பா. எழுந்து உக்காரணும்" என்றாள். தலையணையை மாற்றி வைத்தேன். மறுபடியும் சரியில்லை என்றாள், நெளிந்தாள். வலி போலிருக்கிறது என்று நான் விசிறிக்கொண்டு நின்றேன்.

சுகந்தி அப்போது எதிர் வரிசையில் ஒரு பாட்டிக்கு ட்ரிப் மாற்றிக்கொண்டிருந்தாள். இத்தனை சந்தடியில் ஜெனியின் குரல் அவள் காதில் எப்படி விழுந்ததோ! சட்டென்று திரும்பினாள். கையில் இருந்ததை இன்னொரு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஜெனி, பேர் சொல்லுங்க."

வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது. அதை அவளால் விழுங்க முடியவில்லை. கட்டின் ஓரத்தை விலக்கிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்த சுகந்தி, "டாக்டரைக் கூப்டுங்க, ஓடுங்க!" என்று கத்தினாள். கட்டுத் துணியில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஸ்டெல்லா. கழுத்து மட்டும் கல் மாதிரி வீங்கியிருந்தது.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், ஆக்சிஜன் வைத்தாள். ஜெனியின் கண் மிரண்டு சுழன்றது. "என்னப் பாருங்க ஜெனி. என்னையே பாருங்க. நான் எங்கயும் போகல." அதைச் சொன்னபோது அவள் குரலில் துளி நடுக்கம் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மதியத்திலிருந்தே மூடி வைத்திருந்த ஒரு தட்டு இருந்தது. எதற்கென்று நான் கேட்கவில்லை. ஓடி வந்த டாக்டர் அதிலிருந்த கத்தரியை எடுத்து, அங்கேயே வைத்துத் தையலைப் பிரித்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அப்புறம் ட்ராலி உருண்டு போகிற சத்தம்தான் கேட்டது.

மாப்பிள்ளை வந்து, "மாமா, இன்னா ஆச்சு?" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். "சிஸ்டர் பாத்துட்டாங்க" என்றேன்.

உள்ளே ஒரு சின்ன ரத்தக்குழாய் திறந்துகொண்டதாம், தேங்கிய ரத்தம் மூச்சுக்குழாயை நெருக்கிவிட்டதாம். அதைக் கட்டிவிட்டு வெளியே வந்த டாக்டர், "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்" என்றார்.

நீ இப்படி எத்தனை ஜெனிகளைத் திரும்பிப் பார்த்திருப்பாய்? என்னைப் போல எத்தனை அப்பன்கள் உன்னிடம் எரிந்து விழுந்திருப்பார்கள்? அதையெல்லாம் எங்கே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாய்?

மறுநாள் சுகந்தி கை கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா."

"எல்லா அப்பாவும் அப்படித்தான் சொல்வாங்க. பொண்ணு தூங்கணும்னு நெனச்சீங்க, அதுல இன்னா தப்பு?"

என் வீட்டுக்காரியும் நர்ஸ்தான், ஆபரேஷன் முடிந்தவர்களைப் பார்க்கிற வார்டு, இறந்து ஒரு வருஷம் ஆகிறது என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அம்மாக்கு கால் வலி ஜாஸ்தியா இருந்திருக்குமே" என்றாள்.

தலையை ஆட்டினேன். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

இன்னொரு விஷயம். கம்பெனியில் தோல் கட்டு தூக்கித் தூக்கி எனக்குக் குடலிறக்கம் வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்யத்தான் வேண்டும் என்று சொல்லி ரொம்ப நாளாகிறது. நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கத்திக்குப் பயந்து இல்லை. கண் விழித்துப் பார்க்கும்போது நீ அங்கே நிற்க மாட்டாய் என்பதுதான் என் பயம். இப்போது சரி என்று சொல்லிவிட்டேன். பரீட்சை முடிந்து ஜெனிக்கு லீவு விட்டதும் போகிறோம்.

அங்கே ஏதோ ஒரு சிஸ்டர் வந்து "எப்படி இருக்குதுப்பா?" என்று கேட்பாள். உன்னிடம் சமாளித்ததுபோல, "நல்லாத்தான் இருக்குது" என்று அவளிடம் சமாளிக்க மாட்டேன். எங்கே வலிக்கிறதோ அங்கே கை வைத்துக் காட்டுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
அருள்தாஸ்
ஆம்பூர்