தங்கத்தின் குப்பி

ஆனி 9, செவ்வாய்

விடியும் முன்பே சாரல். ஆஸ்பத்திரிச் சோதனை அறையில் நானும் பதினோரு மூத்திரக் குப்பிகளும். ஒன்று என் மனைவி தங்கத்தினுடையது. தேங்காய்ப்பட்டணத்தில் அவள் அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்தது. நிமோனியா, ஐந்தாம் நாள். அவளை அசைக்கக் கூடாதாம். லீவு கேட்டேன். "நீ போனால் அவள் குப்பியை யார் பார்ப்பது?" என்றார் டாக்டர்.

இரண்டு சொட்டு ஆசிட், பிறகு வெள்ளி நைட்ரேட். உப்பு இருந்தால் தயிர் போல் திரளும். நிமோனியாவில் உப்பு வெளியே வராது. வரத் தொடங்கினால் நோய் இறங்குகிறது என்று அர்த்தம்.

திரளவில்லை.

ஆனி 10, புதன்

இன்றும் இல்லை. மழை விடவில்லை. குடைக்கம்பி ஒடிந்தது. விரலெல்லாம் வெள்ளி நைட்ரேட் பட்ட கறுப்பு. "அந்தக் கறுப்புக் கையால என்னத் தொடாதீங்க" என்று தங்கம் தள்ளிவிடுவாள். தள்ளிவிட அவள் இல்லை.

குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று எத்தனை நாள் முகம் சுளித்திருக்கிறேன். இப்போது அவளிடம் ஒரு சிட்டிகை உப்புக்கு ஏங்கிக் கிடக்கிறேன். எனக்கு இது வேண்டியதுதான்.

ஆனி 11, வியாழன்

திரண்டது! குப்பி கழுத்துவரை. சொட்டு விட்டதும் வெள்ளை. டாக்டரிடம் ஓடினேன். நர்ஸம்மாவிடமும் சொன்னேன்.

மத்தியானம், காலிக் குப்பி வாங்க தங்கத்தின் தம்பி சாமுவேல்.

"இன்னைக்கு நெறைய போயிருக்கா, என்னலே?"

"இல்ல அத்தான், கொஞ்சந்தான். அம்மைதான் கிணத்துத் தண்ணி விட்டு நெறச்சா. மருமவனுக்கு அரைக்குப்பியா குடுத்து விடுகதுன்னு."

கடலோரக் கிணறு. வாயில் வைக்க முடியாத உவர். மாமியார் மரியாதை! யாரைக் கோபிக்க? ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். டாக்டரிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை ஓடவில்லை.

ஆனி 12, வெள்ளி

ஆற்றில் வெள்ளம். பஸ்ஸுக்கு ஆறு தாண்ட வேண்டும்; தோணி விடவில்லையாம். குப்பி வரவில்லை. பஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போனேன். சாப்பாடு இறங்கவில்லை. தங்கம், தங்கம்.

ஆனி 13, சனி

மழை வெறித்தது. சாமுவேல் வந்தான். அரைக்குப்பி. அடைப்பைச் சுற்றி நூல், முடிச்சு மாறி விழுந்திருந்தது. இடக்கைக்காரி முடிச்சு.

"யாருலே கெட்டினது?"

"அக்காதான். விடியக்கால நல்லா வேர்த்துது அத்தான். எழும்பி உக்காந்து, குப்பியக் கொண்டான்னா. அம்மையக் கிட்டயே விடல்ல."

வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டுக் கூடிவிட்டது.

தயிர்.

ஒரு நாள் லீவு. இரண்டு மணி பஸ். நார் போட்டுத் தேய்த்தும் விரல் கறுப்புப் போகவில்லை. தள்ளிவிடட்டும்.