நிரோஷினியின் திருத்தம்

ஜூன் 3, செவ்வாய்

மூன்றாவது வாரமும் அதே பிழை. மதியம் அலுவலகத்தில் பக்கத்து மேசை பஹீம் மடவளையிலிருந்து கொண்டுவந்த ரம்புட்டானைக்கூட மேசையில் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். குண்டசாலை வீடு வரை பஸ்ஸில் நின்றபடி.

எனக்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். எமியூலேட்டர் என்பது ஒரு சிப்பைப்போல நடிக்கும் மென்பொருள். நாங்கள் பாவிப்பது திறந்த மென்பொருள், உலகில் யாரும் திருத்தலாம். சிப், நினைவக முகவரிகளில் ஒரு முத்திரை குத்திவைத்துப் பிறகு சரிபார்க்கும். முகவரியை யாராவது மாற்றியிருந்தால் முத்திரை பொருந்தாது. புதிய சிப் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பழைய சிப் முகவரியைக் கெடுத்துவிட்டு மேலே போகும். எங்கள் எமியூலேட்டர் பழைய சிப்பாக நடிக்கும்போதும் நின்றுவிடுகிறது. ஏன்? தெரியவில்லை.

ஜூன் 10, பொசொன் போயா விடுமுறை

நிரோஷினி கண்டுபிடித்துவிட்டாள்.

என் மனைவி. மகள் பிறந்ததும் மென்பொருள் வேலையை விட்டவள். நாலு வருஷமாகிறது. மகள் தூங்கும் நேரத்தில் எமியூலேட்டரின் நிரலைச் சும்மா பார்த்தாளாம். சோறு வடித்துக்கொண்டே சொன்னாள்: "என்னங்க, அது எந்த சிப்புன்னு கேக்காமலே நிப்பாட்டுது. கேட்டுட்டு நிப்பாட்டணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! எனக்கு மூன்று வாரம்.

"நல்லது" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஜூன் 11

அலுவலகத்தில் சொல்லவில்லை. இன்னும் தேடுவதாகவே சொன்னேன்.

ஜூன் 14, சனி

திருத்தத்தை எழுதி முடித்துவிட்டாள். அனுப்புவதற்கு முன் லாப்டொப்பை என் பக்கம் திருப்பினாள். "ஒரு தடவ பாருங்களேன், பயமா இருக்கு."

பார்த்தேன். சுத்தமான வேலை. நான் எழுதியிருந்தால் இதைவிட நீளமாக வந்திருக்கும். அது வேறு எரிச்சல்.

ஆனால் ஒன்று விடுபட்டிருந்தது. முத்திரையைச் சரிபார்க்க மட்டும் ஒரு கட்டளை இருக்கிறது. சரிபார்த்து அந்த முகவரிக்கே திரும்பிப் போக இன்னொன்று. அவள் முதலாவதைத்தான் திருத்தியிருந்தாள். ஒரு நிமிடத்தில் கண்ணில் பட்டது. நான் ஒன்றும் முட்டாள் இல்லையே.

சொல்ல வாய் எடுத்தேன். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன் — கலியாணத்துக்கு முன், கம்பஸ்ஸில் படிக்கும்போது பார்த்த முகம்.

"சரியா இருக்கு, அனுப்பு" என்றேன்.

வெளிநாட்டில் திருத்தங்களைச் சரிபார்ப்பவர்கள் பிழையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிடித்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்பதையும் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 19

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். யாருமே பிடிக்கவில்லை. மாமனார் மாத்தளையிலிருந்து போன் பண்ணி, "மருமகன், நம்ம புள்ள பேரு உலகம் பூரா வந்திருக்காமே" என்றார். ஆமாம் மாமா, வந்திருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

வேலை முடிந்து வந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. நிரோ லாப்டொப்பின் முன்னால் கதிரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய திருத்தத்தை நம்பி எமியூலேட்டரைப் புதுப்பித்த ஒருவனின் பரிசோதனைகள் எல்லாம் அந்த இரண்டாவது கட்டளையில் நின்றுபோயிருக்கின்றன. எல்லோரும் வாசிக்கும் இடத்தில் எழுதியிருக்கிறான்: கையேட்டை முழுதாகப் படிக்காதவர்கள் இதைத் தொடவேண்டாம்.

"நாலு வருஷம் வீட்டுல இருந்தவ மாதிரியேதான் செஞ்சிருக்கேன்" என்றாள்.

இதைத்தானே எதிர்பார்த்தேன்? சந்தோஷம் வரவேயில்லை.

"நிரோ, அந்த ரெண்டாவது கட்டளை விடுபட்டிருந்தத நான் அன்னைக்கே பார்த்தேன்."

"எப்ப?"

"நீ காட்டுனப்ப."

என்னையே பார்த்தாள். "ஏன் சொல்லல?"

"தெரியல."

"தெரியும். சொல்லுங்க."

"பொறாமை."

"என் மேலயா?" நம்ப முடியாமல் கேட்டாள். "வீட்டுல சட்டி கழுவிக்கிட்டு இருக்குற என் மேலயா?"

ஜூலை 1

நான் எழும்புமுன்பே மகளோடு முற்றத்துக்குப் போய்விட்டாள். தேநீர் மட்டும் மேசையில் இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

இரண்டாவது திருத்தத்தை அனுப்பிவிட்டாள். என்னிடம் காட்டவில்லை. நானாகத் தேடித்தான் படித்தேன். குறிப்பின் கீழே, பிழையைச் சுட்டிக்காட்டியவர்கள் என்று இரண்டு பெயர். அந்த வெளிநாட்டுக்காரன். பிறகு, சுதேஷ் இராமநாதன்.

"என் பேர எடுத்துரு" என்றேன்.

"நீங்க பார்த்தது உண்மைதானே?"

"தண்டனையா போட்டியா?"

"எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்லங்க. பார்த்தவங்க பேரப் போடணும், போட்டேன்." மகளுக்குத் தலை சீவப் போய்விட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் அவளுடைய திருத்தத்தை அலுவலகப் பிரதியில் சேர்த்தேன். எல்லாம் ஓடியது. பஹீம் திரையை எட்டிப் பார்த்து, "அட, ஒங்கட பேரும் இருக்கே! ரெண்டு பேருமா செஞ்சீங்க?" என்றான்.

"இல்ல, அவதான் செஞ்சா. நான் பிழையப் பார்த்துட்டுச் சொல்லாம இருந்தேன்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அரைநாள் லீவு போட்டு வந்தேன். மூன்று மணிக்கு அவளுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு வேலைக்கான நேர்முகம், வீட்டிலிருந்தே. மகளோடு முற்றத்தில் இருந்தேன். உள்ளே நிரோ ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுவது கேட்டது, பிறகு சிரிப்பு. என்னை நேர்முகத்தில் யாரும் அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. எரியத்தான் செய்தது. இன்னும் எரிகிறது.

"அம்மாக்கிட்ட போறேன்" என்று மகள் கதவைத் தட்டப் போனாள். விட்டிருந்தால் பேச்சு நின்றிருக்கும்.

தூக்கிக்கொண்டு சந்திவரை நடந்தேன். ஒரு மணிநேரம் கழித்துத்தான் திரும்பினோம்.