நோஞ்சான் வைரஸ்

ஏப்ரல் 11

சொங்க்ரான் தண்ணீர்த் திருவிழா விடுமுறை தொடங்கப் போகிறது. தாய்லாந்தின் இந்தக் கான் கென் நகரம் முழுக்கத் தண்ணீர்த் துப்பாக்கி வியாபாரம். எங்கள் ஆய்வகத்தில் மட்டும், விடுமுறையில் யார் வந்து வைரஸைப் பார்த்துக்கொள்வது என்று சண்டை. கடைசியில் யாரும் வருவதில்லை என்று முடிவானது. விடுமுறை முடியும்வரை நோஞ்சான் தாக்குப்பிடிக்கிற மாதிரி ஏற்பாடு செய்வது என் தலையில் விழுந்தது.

நோஞ்சான் என்பது நாங்கள் வைத்த பெயர். ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த டெங்கு வைரஸ். குரங்குச் செல்களில் வாராவாரம் மாற்றி மாற்றி வளர்த்ததில் இளைத்துக்கொண்டே போய், இப்போது செல்களைக் கொல்வதே இல்லை. எங்கள் பேராசிரியர் மாலிவன், எங்கள் எல்லோருக்கும் ‘ஆச்சான்’, இதைத்தான் தடுப்பூசி ஆக்கப் போகிறார். ஜூலையில் குரங்குகளுக்குப் போட விண்ணப்பம் போய்விட்டது. செப்டம்பர் கடைசியில் அவருக்கு ஓய்வு. வாழ்நாள் முழுக்க டெங்கோடு மல்லுக்கட்டிய மனுஷிக்கு இது ஒன்றுதான் கையில் மிஞ்சப் போவது.

இளைத்த வைரஸ் செத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு முறையும் புதுச் செல்கள்மேல் நிறையவே ஊற்றுவது எங்கள் வழக்கம். இன்று நான் ஒரே ஒரு சொட்டு விட்டேன். மெதுவாக வளரட்டும், திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 18

செல் வளர்க்கும் பிளாஸ்க் முழுக்கப் பிணம். ஒரு செல்கூட ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

ஆச்சான் எட்டிப் பார்த்தார். "பாக்டீரியா விழுந்திருக்கும் கெம். லீவு அவசரத்துல ஒழுங்கா மூடியிருக்க மாட்டே. தூக்கிப் போடு."

தலையை ஆட்டினேன். போடவில்லை. பாக்டீரியா விழுந்தால் திரவம் கலங்கும். இது பளிச்சென்று இருந்தது.

மே 2

திரும்பவும் செய்து பார்த்தாயிற்று. வழக்கமான அளவு ஊற்றிய பிளாஸ்க்கில் செல்கள் சௌக்கியம். ஆயிரத்தில் ஒரு பங்கு ஊற்றியதில் எல்லாம் காலி.

நிறைய ஊற்றினால் பிழைக்கிறது, கொஞ்சம் ஊற்றினால் சாகிறது. இது என்ன கூத்து?

மே 6

ஆய்வக உதவியாளப் பெண் ஜியாப்பிடம் வைரஸின் ஆர்.என்.ஏ. இழையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பெருக்கி நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டச் சொன்னேன். மேலே முழு நீளக் கோடு மங்கலாக. கீழே, குட்டையாக, தடித்த கோடு ஒன்று.

"இது என்ன?"

"அழுக்குண்ணே. எப்பவும் வரும். ஆச்சானுக்குக் காட்டுற படத்துல கீழ்ப்பக்கத்தை வெட்டிடுவேன். அழகா இருக்கும்."

"எத்தனை மாசமா வெட்டுறே?"

"நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து. ஏண்ணே, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

மே 7

தூக்கம் இல்லை. எனக்கே புரிவதற்காக எழுதிப் பார்க்கிறேன்.

டெங்குவிடம் இருப்பது ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. உள்ளே போனதும் செல் அதைத் தன் சொந்த உத்தரவு என்று நம்பிப் படித்து, கேட்டதையெல்லாம் செய்து கொடுக்கிறது. நகலெடுக்கும் புரதத்தையும் சேர்த்து. அந்தப் புரதம் செல்லின் உள்சவ்வில் குட்டிக் குட்டி அறைகள் அமைத்து உட்கார்ந்து, முதலில் ஒரு தலைகீழ் நகல், அதைப் பார்த்து ஏராளமான நேர் நகல்கள் என்று அடித்துத் தள்ளுகிறது. எழுதியதைத் திருப்பிப் படிக்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. சில சமயம் நடுவில் ஒரு பெரிய பகுதியைத் தாண்டிக் குதித்துவிடும். அப்போது பிறப்பவன் குட்டையன்.

குட்டையனிடம் நகலெடுக்கும் புரதத்துக்கான குறிப்பே இல்லை. ஆனால் அந்தப் புரதம் பிடித்துக்கொள்ள வேண்டிய இரண்டு முனைகளும் இருக்கின்றன. அதே செல்லில் முழு வைரஸும் இருந்தால் போதும். சமையல்காரரை அழைத்து வந்தவன் பட்டினி, பந்தியில் புகுந்தவனுக்கு விருந்து. குட்டை என்பதால் சீக்கிரம் நகலாகிறான், பெருகுகிறான்.

நாங்கள் நிறைய ஊற்ற ஊற்ற, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருவரும் சேர்ந்தே போனார்கள். குட்டையன் கொழுத்தான், முழு வைரஸ் இளைத்தது. இளைக்கிறதே என்று இன்னும் ஊற்றினோம். கொஞ்சமாக ஊற்றினால் முழு வைரஸ் தனியாக ஒரு செல்லைப் பிடிக்கும். அங்கே அதன் கையைப் பிடித்துத் தடுக்க ஆள் இல்லை.

நோஞ்சான் நோஞ்சானே இல்லை.

மே 9

தடுப்பூசி என்றால் நீர்க்கச் செய்துதான் போடுவார்கள். முதலில் குரங்கு. பிறகு மனிதர். ஐயோ.

மே 20

ஆச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. சுகாதார அமைச்சகத்து ஆட்கள் வந்தார்கள். காலையிலேயே ஆச்சான் வாசல் காவல்தெய்வத்துக்குச் சிவப்பு சோடா வாங்கிப் படைத்திருந்தார். வந்தவர்களுக்கு நோஞ்சானைக் காட்டும்போது, புதுப் பேரனைக் காட்டுகிற முகம். பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன்.

சபையில் பெரியவர்களின் தப்பைச் சொல்வது இங்கே யாராலும் ஆகாது. சரி, தனியாகச் சொல்லலாமே? அதற்கும் வாய் வரவில்லை. கோழை.

ஜூன் 3

சொல்லிவிட்டேன்.

ஆச்சான் ஒட்டரிசிச் சோற்றை உருட்டிப் பப்பாளிக்காய்க் கலவையில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெட்டாத ஜெல் படத்தை முன்னால் வைத்தேன். உருட்டிய சோறு கையிலேயே நின்றது. நான் விளக்க வாயெடுத்தேன்.

"வேணாம். எனக்குப் படிக்கத் தெரியும்." பிறகு, "எத்தனை நாளாத் தெரியும்?"

"ஒரு மாசமா, ஆச்சான்."

"ஒரு மாசமா என்னைய ஊரு முன்னாடி சிரிக்க விட்டு வேடிக்கை பாத்தியா நீ?"



ஜூன் 4

ஆச்சான் என்னோடு பேசவில்லை. படத்தை வெட்டியது தன் கைதானே என்று ஜியாப் அழுது முகம் வீங்கிக் கிடக்கிறாள்.

ஜூன் 16

ஆச்சான் பல வருடங்களாகப் பிப்பெட்டைத் தொடாதவர். போன வாரம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, வைரஸைத் தானே நீர்க்கச் செய்து தானே ஊற்றினார். உதவ யாரையும் விடவில்லை.

இன்று மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாம் செத்துப் போச்சு கெம். நீ சொன்னது சரிதான்."

"ஆச்சான்..."

"குரங்கு விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிட்டேன். அமைச்சகத்துக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

செப்டம்பர் 30

விடைகொடுக்கும் விருந்து. மாலை, பூங்கொத்து, மைக். "இத்தனை வருஷம் உழைச்சு, கடைசியில ஒண்ணைக் கண்டுபிடிக்கலைன்னு கண்டுபிடிச்சேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முடியவில்லை.

அக்டோபர் 4

காலையில் கதவு தட்டும் சத்தம். ஆச்சான். கழுத்தில் பார்வையாளர் அட்டை. உள்ளே வர அவர் விரல் ரேகையைக் கதவு இப்போது ஏற்பதில்லை.

"வைரஸ் வேலை பாக்குற கேபினெட் காலியா இருக்கா?"

"எதுக்கு ஆச்சான்?"

"அந்தக் குட்டையனைத் தனியாப் பிரிச்சு, நல்ல முரட்டு டெங்கு மேல விட்டுப் பாக்கணும். நம்ம வைரஸை அந்தப் பாடு படுத்தினான்ல, அதையும் படுத்துறானான்னு தெரியணும்."

"பதினோரு மணிவரைக்கும் ஜியாப்போட முறை."

அவரை இதுவரை நான் காக்க வைத்ததில்லை. "அப்பச் சரி" என்றார். முறை எழுதும் பலகையில் ஜியாப்பின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.