மிளகின் சட்டைப் பையில் ஒரு காது

ஜூன் 3, செவ்வாய்

தங்கையின் மழலையர் பள்ளியிலிருந்து ஒரு அக்கா வந்தார். வீட்டில் சிறு குழந்தைகளோடு யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாராம். பன்னிரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதில் எங்கள் வீடும் ஒன்று. ஏன் எங்கள் வீடு?

தீப்பெட்டி அளவில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி. அதை வைக்கப் பை தைத்த சட்டை. மிளகு அதை இரண்டு வாரம் போட்டுக்கொள்ள வேண்டும். (மிளகு என்பது தங்கைக்கு நான் வைத்த பெயர். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள்.) ஒப்புதல் படிவம் நான்கு பக்கம். அப்பா படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் முழுவதும் படித்தேன். "பெற்றோரின் பங்களிப்பு" ஒன்பது இடங்களில் வருகிறது. அதுதான் உறுத்துகிறது.

"சட்டை பிடிச்சிருக்கா பாப்பா?" என்று அக்கா மிளகிடம் கேட்டார். பிடித்திருக்கிறது, கழுத்துதான் கொஞ்சம் இறுக்கம் என்று சொன்னேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்கு அந்தச் சிரிப்பு?

ஜூன் 4, புதன்

எனக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் மிளகின் டீச்சர் அம்மாவிடம் சொன்னார்: "அஞ்சு வயசாச்சு, கிளாஸ்ல வாயே தொறக்க மாட்டேங்கிறா. ஜூலைல ஒவ்வொரு குழந்தையா கூப்பிட்டுப் பேசுவேன். அப்பவும் பேசலைன்னா அடுத்த வருஷம் ஒண்ணாம் வகுப்புக்கு அனுப்ப முடியாதுங்க." மிளகின் தோழிகள் எல்லோரும் போய்விடுவார்கள். அவள் மட்டும் அந்தக் குட்டி நாற்காலியிலேயே இன்னொரு வருஷம்.

இப்போது பழி போட ஆள் தேடுகிறார்கள். அம்மா சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிறாள். அப்பா பேருந்து ஓட்டுகிறார். "ஓட்டுநரிடம் பேசாதீர்கள்னு ஒரு பலகை இருக்குமே, உங்கப்பா அதை வீட்டுக்கும் கழட்டிட்டு வந்துட்டாரு" என்பாள் அம்மா. மாட்டப்போவது இவர்கள் இரண்டு பேரும்தான்.

ஜூன் 7, சனி

அவர்கள் கணக்கை நம்ப முடியாது. நானே எண்ணுகிறேன். இன்று காலை ஏழு முதல் எட்டு வரை, அம்மா 212 சொற்கள் (அதில் "சீக்கிரம்" மட்டும் 19). அப்பா 41. மிளகு மூன்று. இரண்டு "ம்", ஒரு "தண்ணி".

அந்தத் "தண்ணி"யைக்கூட அவள் முடிப்பதற்குள் கொண்டுவந்து நீட்டிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

ஜூன் 8, ஞாயிறு

கையும் களவுமாகப் பிடித்தேன்! ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது, பக்கத்து நாற்காலியில் மிளகின் சட்டை தொங்குகிறது. சொற்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேறென்ன வழி?

"என்னம்மா இது, ஏமாத்து வேலை?"

"ஏய் அகராதி, பாலைக் கொட்டிக்கிட்டா. அலசிக் காயப் போட்டிருக்கேன். அங்கதான் வெயில் விழுது."

சட்டை ஈரம்தான். பையும் காலி. கருவி அலமாரியில் இருந்தது. இருந்தாலும், பால் கொட்டியதை நான் பார்க்கவில்லையே?

ஜூன் 11, புதன்

அப்பாவுக்கு இன்று விடுமுறை. பள்ளியிலிருந்து வரும்போது பின்பக்கக் குழாயடியில் அப்பாவின் குரல் கேட்டது. நீளமாக. அப்பாவா! ஷூ கழுவிக்கொண்டிருந்தார், பக்கத்தில் மிளகு. என் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டார்.

"என்னப்பா பேசிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

மிளகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஷூவைப் பார்த்தார்.

கருவிக்காக ஒத்திகை பார்க்கிறார்களோ?

ஜூன் 14, சனி

அம்மாவும் கூட்டு. "போய் நூலகத்துல உக்காந்துட்டு வாயேன், மெதுவா வந்தாப் போதும்" என்கிறாள். நான் கேட்காமலே!

ஜூன் 24, செவ்வாய்

அக்கா முடிவுகளோடு வந்தார். அம்மாவுக்காகவும் அப்பாவுக்காகவும் வாதாட, சொற்களை எண்ணி எழுதிய என் நோட்டுடன் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் வாய் திறப்பதற்கு முன்பே நீட்டினேன். அக்கா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"ரொம்ப அழகா எடுத்திருக்கியே. இதுல நீ பேசினது எங்கேம்மா?"

"நானா? நான் எழுதறவக்கா."

அக்கா நோட்டை மூடி என் மடியில் வைத்தார். பிறகு, இரண்டு வாரத்தில் மிளகிடம் கேட்ட கேள்விகள் 340 என்றார். அதில் 281-க்குப் பதில் சொன்னது நான்.

மடிக்கணினியில் ஒரு துண்டு போட்டுக் காட்டினார். அம்மா: "மிளகு, பசிக்குதா?" உடனே என் குரல்: "அவளுக்குப் பசிக்குதும்மா, தட்டு எடுத்துட்டு வரேன்." ஒரு மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை.

அடுத்து, அந்தப் புதன்கிழமை. குழாய்ச் சத்தம். அப்பா கேட்கிறார், "எந்த ஷூவை முதல்ல கழுவலாம்?" அப்புறம் யாரும் பேசவில்லை. கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அப்போது மிளகு: "அழுக்கா இருக்கறது." மறுபடி நீண்ட அமைதி. "அப்பா, பஸ்ஸுக்கும் ஷூ இருக்கா?"

அவள் அவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

அம்மா என் பின்னலை இழுத்துச் சரிசெய்தாள். "நீ ஆசையாத்தானே செய்யறே. எப்படிடி சொல்றது?"

"அவ யோசிச்சுதாம்மா பேசுவா. அவ்வளவுதான்" என்றார் அப்பா.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். சே, என்ன மடச்சி நான்! ஊரையெல்லாம் சந்தேகப்பட்டு, ஒவ்வொருத்தர் வாயையும் எண்ணி— அவ வாயைப் பொத்தினது என் கைதானே?

ஜூன் 27, வெள்ளி

"மிளகு, எந்தக் கதை வேணும்?" என்று கேட்டுவிட்டு, நாக்கை அண்ணத்தில் ஒட்டி மனதுக்குள் எண்ணினேன். நாலுக்கு மேல் முடியவில்லை. நானே கதையையும் சொல்லிவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

ஏழு.

ஜூலை 3, வியாழன்

மிளகின் வகுப்பறை. குட்டி நாற்காலிகளில் நாங்கள் நாலு பேரும் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். டீச்சர் கேட்டார்: "வீட்ல உனக்கு என்ன செய்யப் பிடிக்கும் பாப்பா?"

மிளகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பதில் தெரியும். மூன்று பதில் தெரியும். என் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். ஏழு. எட்டு. டீச்சரின் பேனா தாளில் இறங்கப் போனது. ஒன்பது. அப்பாவின் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது. பத்து.

பதினொன்றில் அவள் பேச ஆரம்பித்தாள்.

என்ன சொன்னாள் என்று இங்கே எழுதப் போவதில்லை. கேட்டால் அவளே சொல்வாள்.