பின் சக்கரத்து வெள்ளைத் திட்டு

ஜூன் 26

விடாத மழை. கடைக்குள் காற்றே பிசுபிசுக்கிறது.

இன்று கிசோக் என்ற பையனின் புது வண்டி வந்தது. பளபளக்கும் கறுப்பு அலாய் வீல்கள். நான்குக்கும் செராமிக் கோட்டிங் வேண்டும் என்றான். பிரேக் தூள் ஒட்டாது, உப்பு அரிக்காது, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலே அழுக்குப் போய்விடும் என்று வழக்கம்போல் அளந்தேன். பொய்யில்லை, ஒழுங்காகப் பூசினால். மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டியாம். வீலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அதில் முகம் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். எனக்குப் பையனைப் பிடித்துப்போயிற்று.

ஜூன் 27

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

முன் வீல்கள் அருமையாக வந்தன. பின் வீல்களைக் கழற்றிப் பக்கம் பக்கமாக வைத்தபோதுதான் புத்தி போயிற்று. கடை விளம்பரத்துக்குப் படம் எடுக்கலாம் என்று செல்போனை முக்காலியில் மாட்டினேன். கோட்டிங் மருந்தைப் பூசினால் அது லேசாக வியர்க்கும். வியர்த்த உடனே துடைத்துவிட வேண்டும், விட்டால் இறுகிவிடும். இந்த ஈரக் காற்றில் இன்னும் சீக்கிரம் இறுகும். கேமராவைப் பார்த்து நான் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான்: "துடைக்கிற நேரம்தாங்க எல்லாமே." முதல் தடவை என் தொப்பை தெரிந்தது. விளக்கை நகர்த்தி மறுபடி சொன்னேன். அப்புறம் குரல் சரியில்லை என்று இன்னொரு தடவை. கடைசியில் துணியை வைத்தால் துணி நகரவில்லை.

இரண்டு வீலிலும் பால் சிந்திக் காய்ந்த மாதிரி மங்கலான வெள்ளைத் திட்டு. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. பாலிஷ் போட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து பூசியிருக்க வேண்டும். கிசோக் வந்து வாசலில் நின்றான், முகமெல்லாம் சிரிப்பு. வெளியே வானம் இருண்டு கிடந்தது, அந்த வெளிச்சத்தில் திட்டுத் தெரியவில்லை. ஒரு வாரம் கழுவாதே, வீலில் வேறு எதுவும் பட விடாதே என்று புத்திமதி வேறு சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 28

இன்றும் வெயில் இல்லை. நல்லவேளை.

ஜூலை 8

வெயில் வந்துவிட்டது. கிசோக்கும் வந்துவிட்டான்.

வண்டியின் பின்பக்கத்துக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். வெயிலில் திட்டுகள் பல்லைக் காட்டின. இதோ மாட்டிக்கொண்டேன், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறக்கப் போனேன். சத்தியமாகத் திறக்கத்தான் போனேன். அதற்குள் அவனே கேட்டான்.

"முதலாளி, மக்கொல்லி பட்டா இப்படி ஆகுமா?"

நடந்தது இதுதான். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே கோசான் கிராமத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறான். விபத்து வராதிருக்கப் புது வண்டிக்குச் செய்யும் சடங்கு கிடங்கு எதுவும் வேண்டாம், வீலில் மக்கொல்லிக் கள்ளை ஊற்றிவிடாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். விடிந்து பார்த்தால், டிக்கியில் வெள்ளை நூல் சுற்றிய கருவாடு, வண்டியைச் சுற்றிப் புளித்த அரிசிக் கள் வாடை. இவன் தூங்கும்போது அந்த அம்மா சடங்கை முடித்துவிட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன்?

"புளிப்பாச்சே தம்பி. சரியா இறுகாத கோட்டிங்ல பட்டா வேற என்ன ஆகும்?"

வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டான்.

"ஒரு தடவ சொன்னா உனக்குப் புரியாதா? பட்டிக்காட்டுப் புத்தி போகவே போகாதா? இனிமே என் வண்டிப் பக்கமே வராத."

அந்தப் பக்கத்திலிருந்து சின்னக் குரல் கேட்டது. சரிப்பா, சரிப்பா என்று மட்டும்.

நான் துணியை மடித்துக்கொண்டு நின்றேன். பாலிஷ் போட்டுப் புதிதாகப் பூசித் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். நீங்க ரொம்ப நல்லவர் முதலாளி என்று கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

கல்லாவில் இருந்த என் மனைவி மியோக் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சாப்பிடும்போது, படம் எடுத்த அன்றைக்குப் பின் வீலை ஏன் அவ்வளவு நேரம் தேய்த்தீர்கள் என்றாள். சாப்பிடு என்றேன். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 9

வீல்களைக் கழற்றினேன். முன் வீல்களின் உள்விளிம்பில், மழை எட்டாத இடத்தில், மக்கொல்லி வழிந்து காய்ந்த தடம். ஈரத்துணி வைத்தேன், வழித்துக்கொண்டு வந்துவிட்டது. கீழே கோட்டிங் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பின் வீலில், டயரில், எங்கேயும் மக்கொல்லி ஒரு சொட்டுக்கூட இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அதுவும் இன்னொருத்தர் சோற்றில்.

ஜூலை 10

வண்டியை எடுத்துப்போனான். அம்மாவிடம் பேசினாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3

அந்த அம்மா வந்தார்.

பேருந்து மாறி மாறி வந்திருக்கிறார், கையில் பை நிறைய அவித்த சோளக்கதிர். யாரென்று தெரியாமல் உட்காரச் சொன்னேன். கிசோக்கின் அம்மா என்றதும் கல்லாவைத் திரும்பிப் பார்த்தேன், நல்லவேளை மியோக் இல்லை. மகனுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாராம். வீல் சரியாகிவிட்டதா, இல்லை சரியானதாகச் சும்மா சொல்கிறானா என்று கேட்டார். என்னால் உங்களுக்கு வீண் வேலை என்று தலையைத் தாழ்த்தி வணங்கினார். எனக்கு! வணக்கம்!

"முன்னாடிதான் ஊத்தினேன் முதலாளி. பாட்டில்ல பாதிதான் இருந்துச்சு. இவன் முழிச்சிருவானோன்னு பயத்துல, பின் சக்கரத்துக்குச் சும்மா கும்பிடுதான் போட்டேன். அங்க எப்படித் தெறிச்சுதுன்னுதான் தெரியல."

அவரே தொடர்ந்தார். கணவர் லாரி ஓட்டியவராம். அவர் வாங்கிய முதல் லாரிக்கு ஊற்ற வேண்டும் என்று இவர் சொன்னபோது, அவரும் சிரித்துவிட்டு ஏறிப் போயிருக்கிறார். அந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டவில்லை, லாரியோடு போய்விட்டார். "அன்னைக்கு அவர் பேச்சக் கேட்டேன். இன்னைக்கு இவன் பேச்சக் கேக்க முடியல" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். படம் எடுத்தது, துடைக்காமல் விட்டது, தெரிந்தே கொடுத்தது, மக்கொல்லி மேல் பழி போட்டது, எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இன்று தூங்கியிருப்பேன். அவர் பையின் காதைத் திருகினார்.

"அவன்கிட்ட சொல்லிராதீங்க. என் மேல இருக்கிற கோவம் ஆறிடும். அவன் மேலயே அவனுக்குக் கோவம் வந்தா ஆறாது."

சோளத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 4

வாயை மூடிக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டது. சந்தோஷமா? சோளம் அப்படியே மேசையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 19

மியோக்கிடம் சொன்னேன். அந்த அம்மாவே வேண்டாம் என்கிறபோது நான் எப்படிச் சொல்வது என்று நியாயம் பேசினேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அவங்க புள்ளையக் காப்பாத்துறாங்க. நீங்க யாரக் காப்பாத்துறீங்க?"

பதில் தெரிந்த கேள்வி.

செப்டம்பர் 12

முன்னோர் கல்லறைக்குப் போகிற சூசோக் பண்டிகை நெருங்குகிறது, எல்லோரும் ஊருக்குப் போகுமுன் வண்டி கழுவ வருகிறார்கள். கிசோக்கும் வந்தான். அப்பா கல்லறைக்கு அம்மாவைக் கூட்டிப்போகிறாயா என்று கேட்டேன். சிரித்தான், சிரிப்பு உதட்டோடு நின்றது. அம்மா பேருந்திலேயே போகிறாராம், நான் ஏறினால் உன் வண்டி அழுக்காகிவிடும் என்றாராம். விளையாட்டுக்குச் சொல்றாங்க போல என்றான். போல.

அடுத்த கடையில் போய் ஒரு பாட்டில் மக்கொல்லி வாங்கிவந்து, அவன் பார்க்கப் பார்க்க, அவன் பின் வீலில் ஊற்றினேன். இந்த ஆளுக்குப் பைத்தியமா என்று பார்த்தான். வெயிலில் நன்றாகக் காய விட்டேன். அப்புறம் ஒரு வாளித் தண்ணீர். போய்விட்டது. தடம்கூட இல்லை.

"மக்கொல்லி இல்ல தம்பி. நான்தான்" என்றேன். மீதியையும் சொன்னேன்.

கத்துவான் என்று நினைத்தேன். குனிந்து அந்த வீலைக் கையால் தடவிப் பார்த்தான்.

"நான் அவங்கள என்னல்லாம் சொன்னேன் தெரியுமா?"

"தெரியும். பக்கத்துலதான நின்னேன்."

துடைக்கக்கூட விடாமல் ஈர வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த அம்மா கேட்ட ஒன்றே ஒன்றையும் நான் காப்பாற்றவில்லை. சொன்னதற்கும் வெட்கம், சொல்லாமல் இருந்ததற்கும் வெட்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் நிற்கிறேன்.

செப்டம்பர் 14

இணையத்தில் கடைக்கு ஒற்றை நட்சத்திரம். "வேலை சுத்தம். ஆள் சுத்தமில்லை." பெயர் போடவில்லை. பதில் எழுதலாமா என்றேன். அதில் எந்த வார்த்தை பொய் என்று கேட்டாள் மியோக்.

செப்டம்பர் 16

அந்தப் படத்தை அழித்தேன். குரல் நன்றாகத்தான் வந்திருந்தது.

செப்டம்பர் 27

பண்டிகை முடிந்து மாமனார் ஊரிலிருந்து திரும்பினோம். கோசான் சாலையில் பயங்கர நெரிசல், ஊர்ந்து ஊர்ந்து வந்தோம். பக்கத்து வரிசையில் ஒரு கறுப்பு வண்டி. தொழில் புத்தி, முதலில் வீலைத்தான் பார்த்தேன். முன் வீலில் வெள்ளையாக வழிந்து காய்ந்த தடம். பின் வீலில் அதைவிட அதிகம், பாட்டிலையே கவிழ்த்த மாதிரி, கம்பிக்குக் கம்பி ஒழுகி டயர் வரைக்கும்.

அப்புறம்தான் நிமிர்ந்தேன். முன் இருக்கையில் அந்த அம்மா வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கிசோக் என்னைப் பார்த்தான். நான் தலையைத் தாழ்த்தினேன். அவன் பதிலுக்குத் தாழ்த்தவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டான். அவர்கள் வரிசை நகர்ந்தது.

ஒரு வாளித் தண்ணீர் போதும், எல்லாம் போய்விடும். அது அவனுக்கும் தெரியும். கழுவாமல் ஓட்டிக்கொண்டு போகிறான்.