அடிபட்ட இடம்

மார்ச் 4, 2024
கட்டியைப் பற்றி இன்று றொஷானிடம் சொன்னேன். இடது மார்பில், கல் மாதிரி. மேல்தோல் உள்ளே இழுபட்டுக் கிடக்கிறது. தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் என் புருஷன் அழுது நான் பார்த்ததில்லை.

மார்ச் 12
ஸ்கான் எடுத்த டொக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கான்சர் மாதிரித்தான் தெரியுது அம்மா. ஊசியாலை சதை எடுத்துப் பாத்துத்தான் முடிவு சொல்லலாம்."
றொஷானும் நானும் உப்புவெளி வீட்டுக்குப் பஸ் ஏறினோம். மகள் ஜெஸ்மினுக்கு ஒன்பது வயது. என்ரை பிள்ளையை ஆர் பாக்கிறது?

மார்ச் 17
றொஷான் இப்போது குடிப்பதில்லை. சீனன்குடாவில் வேலை முடிந்தால் நேரே வீடு. மீன் கழுவுகிறார், சொதி வைக்கிறார், என் தலையைத் துவட்டிவிடுகிறார். "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும், நான் இருக்கிறன்."
இதைக் கேட்க எனக்குக் கான்சர் வரவேண்டி இருந்ததா?

மார்ச் 24
குருத்து ஞாயிறு. ஊசியால் சதை எடுத்தாயிற்று, முடிவு இன்னும் வரவில்லை. கோயிலில் என்ன கேட்டு மன்றாடுவதென்று தெரியவில்லை. கான்சர் வருத்தம் இல்லையென்று முடிவு வந்தால் இந்த மனுசன் திரும்பவும் —
சீ. என்ன பொம்பிளை நான்.

ஏப்ரல் 2
கான்சர் இல்லை.
டொக்டர் இரண்டு தரம் சொன்னார். மார்பின் கொழுப்பு நசிந்து செத்து, இறுகிக் கட்டியாகியிருக்கிறதாம். ஸ்கானில் கான்சர் போலவே காட்டுமாம். ஆபத்தில்லை.
"பலமா அடி பட்டால் இப்பிடி வரும். எப்பவாவது பட்டதோ?"
நான் வாய் திறக்க முதல் றொஷான் சொன்னார்: "குசினியிலை வழுக்கி விழுந்தவ, டொக்டர்."
டொக்டர் என்னைப் பார்த்தார். "ஓம்" என்றேன்.
நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை. றொஷான்ரை முழங்கை. நான் விழேல்லை. அலுமாரியோடை சாத்தி வைச்சு இடிச்சவர். விழ இடமே இருக்கேல்லை.

ஏப்ரல் 3
கேக் வாங்கி அயலுக்கெல்லாம் கொடுத்தார்.

ஏப்ரல் 19
குடித்துவிட்டு வந்தார். சோறு ஆறிப்போச்சாம். "வருத்தமெண்டு சொல்லி என்னைச் சமைக்க வைச்சனி, என்ன?" ஜெஸ்மின் கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள்.

மே 6
கிளினிக்குக்குத் தனியே போனேன். கட்டி சுருங்குகிறதாம். சட்டையைப் பூட்டிக்கொண்டே சொன்னேன்: "டொக்டர், நான் விழேல்லை."
அவர் எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினார். கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "சொல்லுங்கோ, நிரோஷினி."

மே 21
சல்லிக் கிராமம். கெஸ்ட்ஹவுஸில் என்னோடு வேலை செய்யும் சுதர்ஷினியின் வீடு. ஜெஸ்மினும் நானும் வீட்டை விட்டு வந்து ஒரு கிழமை.
விடிய றொஷான் வாசல் படலையில் வந்து நின்றார். "நிரோ, வீட்டை வாரும்." சுதர்ஷினி வெளியே போய்க் கதைத்தாள்.
உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் உள்ளேயே நின்று அரிசியைக் களைந்து போட்டேன்.